தாய்மாமனின் இடது செருப்பு

லோகேஸ்வரி தடயவியல் படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் மொத்தமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: "பொணம் அறுக்கிற படிப்பாமே?" இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அப்பா பரமேஸ்வரனுக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் உண்டு, இராஜம்மா அத்தை. அவர் ஒரு படி மேலே போய், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த ரத்தம், கைரேகையெல்லாம்? பேசாம நர்ஸுக்குப் படிக்க வைக்கலாம்ல?" என்று கிள்ளான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். நர்ஸ் வேலையில் ரத்தம் இல்லையா என்று அத்தையிடம் கேட்கிற தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

அவள் பக்கம் நின்றவர் ஒருவர்தான். அம்மா சீதாலெட்சுமியின் தம்பி, தாய்மாமன் சுகுமாறன். ஷா ஆலமில் இருக்கும் அந்தக் கல்லூரிக்கு முதல் நாள் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். "எங்க லோகேஸு சிஐடி ஆவப் போவுது" என்று காப்பாரில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து பெருமை அடித்தார். படிப்பின் முதல் தவணையில் கைரேகை எடுத்துப் பழக ஆள் தேவைப்பட்டபோது பத்து விரலையும் நீட்டினார். அந்த மையைக் கழுவாமல் இரண்டு நாள் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

காலணித் தடம் பாடம் வந்தபோதும் அவர் செருப்புதான் மாட்டியது. சாரக்கட்டிலிருந்து விழுந்ததில் மாமாவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். எந்தச் செருப்பு வாங்கினாலும் இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அதனால் மோட்டார் டியூப் ரப்பரை வெட்டி அடியில் ஒட்டி வைத்திருந்தார். ரப்பரை நேராக வெட்டவும் அவருக்குப் பொறுமை கிடையாது. அதன் விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. பல் வைத்தியர்கள் அச்சு எடுக்கிற மாவைத் தண்ணீரில் குழைத்து, மண்ணில் பதிந்த தடத்தில் ஊற்றி, காய்ந்ததும் பெயர்த்து எடுக்க வேண்டும். லோகேஸ் முதன்முதலாக உடையாமல் பெயர்த்த அச்சு அந்தக் கோணல் ரப்பருடைய அச்சுதான்.

மாமாவுக்கு ஒரு பழைய கதையும் இருந்தது. குடியில் கிடந்த காலத்தில் அக்காவின் காப்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்துவிட்டார். அது மீளவே இல்லை. பிறகு குடியை விட்டார், சிமெண்டு வேலைக்கு ஒழுங்காகப் போனார், வாரம் தவறாமல் அக்கா வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு வந்தார். குடும்பமும் அதை மறந்த மாதிரிதான் இருந்தது. மறப்பதும் மறந்த மாதிரி இருப்பதும் வேறு வேறு என்பது நிச்சயதார்த்தத்தன்று தெரிந்தது.

நிச்சயம் லோகேஸின் அக்கா குமுதாவுக்கு. வீடு வரிசையின் ஓரத்து வீடு, பக்கவாட்டில் பின்கட்டுக்குப் போகிற சந்து ஒன்று உண்டு. மழை பெய்தால் அங்கே சேறு. சாப்பாடு பின்னால் போடுவதால் வருகிறவர்கள் சேற்றில் மிதிக்கக் கூடாதென்று மாமா தானாகவே வந்து சந்து முழுக்கச் சிமெண்டு பூசினார். அது அவருடைய சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயத்துக்கு முந்தின நாள் மாலை அடித்த மழையில் ஜன்னலுக்குக் கீழே இருந்த பகுதி மட்டும் கரைந்து போயிற்று. "விடு சுகு, யார் பாக்கப் போறா" என்று அப்பா சொல்லியும் கேட்காமல், ஞாயிறு மத்தியானம் அதை மறுபடி பூசி, மேலே நடக்க ஒரு பலகையும் போட்டு வைத்தார்.

மாலை ஆறு மணிக்கு மேல் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. உள்ளே தாம்பூலம் மாற்றினார்கள், குமுதா சேலை மாற்றப் போனாள். அந்த அறையில்தான் அம்மா தன் தாய் வழியாக வந்த அட்டிகையைச் சிவப்புப் பெட்டியில் எடுத்து, ஜன்னலோரம் அலங்கார மேசையில் வைத்திருந்தார். புதுச் சேலை கட்டி முடித்த பெண்ணின் கழுத்தில் போடலாமென்று திரும்பியபோது பெட்டி இல்லை. சபையில் வாய் திறக்க முடியுமா? தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு மாப்பிள்ளை வீட்டாரின் தட்டுகளில் பழமும் லட்டுப் பெட்டியும் நிரப்பி வழியனுப்பி வைத்தார். தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதல்லவா?

கார்கள் தெருமுனையைத் தாண்டியதும்தான் அம்மா அழுதார். அலமாரியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், மெத்தையைத் தூக்கிப் பார்த்தார்கள். போலீஸில் ரிப்போர்ட் செய்யலாம் என்றார் அப்பா. நிச்சயம் நடந்த வீட்டுக்குப் போலீஸ் கார் வந்தால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார் அம்மா.

"யாரும் அந்த ரூமுக்குள்ள போவாதீங்க," என்றாள் லோகேஸ்.

இரண்டாம் ஆண்டு மாணவிக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அப்பாவே ஆச்சரியப்பட்டார். அவள் கையுறை மாட்டிக்கொண்டாள். ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டால் மேசை எட்டுகிறது என்று பார்த்தாள். வெளியே போய் டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தாள். பலகைக்குப் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்த மாதிரி, சிமெண்டில் ஒரு இடது செருப்புத் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. குதிகாலில் கோணல்மாணலான ஒரு விளிம்பு.

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடவே, வெட்கப்பட வேண்டிய ஒரு சந்தோஷமும் வந்தது. படித்தது பலித்துவிட்டதே என்ற சந்தோஷம். அளவுகோல் வைத்துப் படம் எடுத்தாள், மாவு குழைத்து அச்சு எடுத்தாள், வாசலில் கிடந்த வீட்டு ஆட்களின் செருப்புகளை வரிசையாக அடுக்கினாள். எல்லாரையும் கூப்பிட்டுக் கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினாள்.

"அளவு பொருந்துது. அடிப்பக்கக் கோடு பொருந்துது. ஒட்டுப் போட்ட ரப்பரோட விளிம்பு கூட பொருந்துது. இது மாமாவோட செருப்பு."

"நல்லா பாத்தியா?" என்றார் அப்பா.

"சந்தேகமே இல்லப்பா."

சந்தேகமே இல்லை என்று மட்டும் எந்தக் காலத்திலும் சொல்லாதீர்கள் என்பது அந்தக் கல்லூரியில் முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம். அன்றைக்கு அது அவள் நினைவுக்கு வரவில்லை.

மாமா எழுந்து நின்றார். "பூசி முடிச்சதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போவலம்மா," என்றார். லோகேஸை ஒரு முறை பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு அவர் கண் அக்காவிடம் போயிற்று. அக்கா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வாயை மூடிக்கொண்டார்.

"எடுத்திருந்தா குடுத்துரு சுகு. வெளிய யாருக்கும் தெரிய வேணாம்," என்றார் அப்பா, அதைத் தன்மையாகச் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு.

மாமா தானாகவே பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். அளவு நாடா, ஒரு சீப்பு, மோட்டார் சாவி. வேறொன்றும் இல்லை. வாசலுக்குப் போனவர் செருப்பைத் தேடினார். அதை லோகேஸ் தாள் பைக்குள் போட்டு, வாயை ஒட்டி, மேலே தேதியும் எழுதியாகிவிட்டது. அவர் கேட்கவும் இல்லை. வெறுங்காலோடு மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். கூட்டிப் பெருக்க ஒத்தாசைக்கு நின்ற இராஜம்மா அத்தை எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அதற்கப்புறம் வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதற்கு ஏது இடம்?

திங்கட்கிழமை அந்த அச்சையும் செருப்பையும் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். போலீஸ் தடயவியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கமலநாதன் சார்தான் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர். அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நைஸ் வொர்க். செருப்பு யாரோடதுன்னு கண்டுபிடிச்சாச்சு. உள்ள இருந்த கால் யாரோடது?"

லோகேஸ் கையிலிருந்த தாள் பையைப் பார்த்தாள்.

"உங்க வீட்ல செருப்ப எங்க கழட்டுவீங்க?"

"வாசல்ல சார்."

"விசேஷத்தன்னிக்கு அவசரமா வெளிய போறவங்க அவங்கவங்க செருப்பத் தேடி எடுத்துதான் போட்டுக்கிட்டுப் போவாங்களா? பக்கத்துல கெடக்கறத மாட்டிக்கிட்டுப் போவாங்களா? வெள்ளக்காரன் புக்குல ஒரு ஷூவுக்கு ஒரு ஆளுதான்லா. நம்ம வாசல்ல அப்படியா?" அவர் அச்சை மேசையில் வைத்தார். "அங்க நடமாடினவங்களை ஒவ்வொருத்தரா கழிச்சிக்கிட்டு வரணும். மொதல்ல யாரக் கழிப்பீங்க?"

"வீட்டுக்காரங்கள."

"இல்ல. உங்கள."

வகுப்பு சிரித்தது. மனிதர் எதிலும் நொட்டை சொல்லாமல் இருக்க மாட்டார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே லோகேஸ் உட்கார்ந்தாள். சந்துக்குப் போனது அவளுக்கு நினைவிருந்தது. கூடத்தில் ஆண்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், குமுதாவுக்கான மல்லிகைச் சரத்தைச் சந்து வழியாகப் போய் ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தாள். உள்ளே அலங்காரம் செய்துகொண்டிருந்த பெண் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் பலகை மேலேதானே நின்றாள்? அதுவும் அன்றைக்கென்று வாங்கிய தங்க நிறக் குதிகால் செருப்போடு. நீதிமன்றக் கூண்டில் ஏற்றியிருந்தாலும் அப்படித்தான் சத்தியம் செய்திருப்பாள்.

அந்த வாரக் கடைசியில் அட்டிகை வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா லட்டுகளைப் பங்கு போட பிரிட்ஜைத் திறந்திருக்கிறார். சிவப்பு லட்டுப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பெட்டி மட்டும் கனத்திருக்கிறது. அந்த அறையிலிருந்த லட்டுப் பெட்டிகளை அம்மா அள்ளிக் கூடத்துக்குக் கொண்டுபோனபோது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது, பிறகு தன் கையாலேயே தட்டில் அடுக்கி அனுப்பியிருக்கிறார். சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

உடனே தம்பிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. காப்பாரில் தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு ரவாங் பக்கம் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. சொந்தக்காரர்களிடம் அம்மா சொன்னது ஒரே வார்த்தைதான்: "கெடச்சிருச்சு." எப்படிக் கிடைத்தது என்று சொல்லவில்லை. தானே தொலைத்துவிட்டுக் கூடப் பிறந்தவனைத் திருடனாக்கினோம் என்று எந்த வாயால் சொல்வது? கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் மீதியை நிரப்பிக்கொண்டார்கள். நல்லா மெரட்டியிருக்காங்க, திருப்பிக் குடுத்துட்டான் என்று இராஜம்மா அத்தை முடித்து வைத்தார். அட்டிகை காணாமல் போனபோது மாமா மேல் சந்தேகம்தான் இருந்தது, கிடைத்த பிறகு அதுவே உறுதியாகிவிட்டது.

வீட்டுக்குள்ளும் ஒரு முள் பாக்கி இருந்தது. "அப்ப அந்தத் தடம்?" என்றார் அப்பா. "எடுக்கல, சரி. ஆனா போவலன்னு ஏன் பொய் சொன்னான்?"

அதற்கு விடை ஏமியின் கைப்பேசியில் இருந்தது. ஏமி லோகேஸின் வகுப்புத் தோழி, நிச்சயத்துக்கு வந்து இஷ்டத்துக்கு வீடியோ எடுத்தவள். கல்யாணத்தில் போட ஒரு படம் தொகுக்கலாம் என்று இருவரும் கல்லூரிக் கேண்டீனில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் காட்சி வந்தது. மல்லிகைப் பொட்டலத்தோடு லோகேஸ் அவசரமாக வெளியே வருகிறாள். செருப்புக் குவியலைக் காலால் கிளறுகிறாள். தங்க நிறச் செருப்பு எங்கோ அடியில் புதைந்துவிட்டது போலிருக்கிறது. ஓரமாகக் கிடந்த பெரிய கறுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து, சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு சந்துப் பக்கம் திரும்புகிறாள்.

"ஏய், படகு மாதிரி இருக்குடி!" என்று வீடியோவில் ஏமியின் குரல் சிரித்தது.

லோகேஸ் அதை நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். இன்னொன்றும் அதில் இருந்தது. பந்தல் ஓரம் ஏணியில் வெறுங்காலோடு நின்று விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார் மாமா. தன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிற மருமகளைக் குனிந்து பார்த்து, வாய்விட்டுச் சிரிக்கிறார்.

ஏமி சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். "லோகேஸ்… அவருக்குத் தெரியும்டி," என்றாள் மெதுவாக. ஜன்னல் கம்பிக்குக் கை எட்டாமல் ஒரு காலைப் பலகைக்கு வெளியே வைத்து எக்கியது இப்போதுதான் லோகேஸின் உடம்புக்கு நினைவு வந்தது. இத்தனை நாள் அந்தக் கால் எங்கே போயிருந்தது? மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினாள். அம்மா பார்த்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு குரலில் பேசினார்.

"இத உன்னோட வச்சுக்க. கல்யாணம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் வாய் தொறக்காத. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா நம்மள என்னான்னு நெனப்பாங்க?"

"மாமாவ என்னான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்கம்மா எல்லாரும்?"

"அவன் தாங்குவான்," என்றார் அம்மா. சொன்ன பிறகு அவருக்கே அது பொறுக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

லோகேஸ் வாய் திறக்கவில்லை. ஊரைக் கூட்டி வைத்துக் குற்றம் சொல்ல அவளுக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை, அதைத் திருப்பி எடுக்க மட்டும் அம்மாவின் அனுமதிக்குக் காத்திருந்தாள். அப்பா அந்தத் தடத்தைப் பூசி மறைத்துவிடலாம் என்று ஒரு நாள் சிமெண்டுப் பையோடு வந்தார். அந்த வீட்டுக்குச் சிமெண்டு பூசுகிற ஆள் ஒருவர்தான் இருந்தார். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பையைப் பின்கட்டில் போட்டுவிட்டார்.

கல்யாணம் நெருங்கியது. பெண்ணை மணவறைக்கு அழைத்து வர தாய்மாமன் வேண்டும். குமுதாவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். அப்பாவும் அம்மாவும் போய்க் கூப்பிடக் கூச்சப்பட்டார்கள். கடைசியில் லோகேஸ்தான் அந்தச் செருப்பை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினாள்.

ரவாங்கில் ஒரு கடையின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தார் மாமா. கதவைத் திறந்தவர் கொஞ்சம் இளைத்திருந்தார். "வாம்மா. சாப்டியா?" என்றார், நேற்றுத்தான் பார்த்துவிட்டுப் பிரிந்த மாதிரி. அவள் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். அறையில் அதிகமாக ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில், விரித்த நாளிதழின் மேல், ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பு இருந்தது.

"மாமா, அந்தத் தடம் என்னோடது," என்றாள். வழியெல்லாம் என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள். வாயில் வந்தது அதுதான்.

"தெரியும்மா."

"நீங்க ஏணியில நின்னு பாத்தீங்க. ஏன் மாமா சொல்லல?"

மாமா கீழே கடைக்குக் குரல் கொடுத்து டீ சொன்னார். டீ வந்த பிறகுதான் பேசினார்.

"என்னத்தச் சொல்ல? அந்நேரம் அட்டிகையக் காணோம். ஜன்னலுக்கு வெளிய நின்னது நீதான்னு நான் சொன்னா, எல்லாரும் உன்னப் பாப்பாங்க. படிக்கிற புள்ள." டீயை ஒரு வாய் குடித்தார். "அப்படின்னு சொன்னா எனக்கே நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மட்டும் இல்லம்மா. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஒங்கம்மா என் சட்டப் பைய பாத்துச்சு பாரு. அதுக்கப்புறம் எனக்கு நாக்கே எழும்பல. அட, இவ்வளவுதானான்னு ஆயிடுச்சு."

"என்னத் திட்டுங்க மாமா."

"உன்னத் திட்டி என்னா பண்ண? நீ பாத்தத சொன்ன." அவர் சிரிக்கப் பார்த்தார். "அச்சு நல்லா வந்துச்சா?"

அந்தக் கேள்விக்குத்தான் லோகேஸ் உடைந்துபோனாள். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அவள் அழுது முடிக்கும் வரை ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "குமுதா கல்யாணத்துக்கு வரேன். மண்டபத்துக்கு வரேன். வீட்டுக்கு மட்டும் கூப்பிடாதீங்க," என்றார். சிவப்புப் பையை வாங்கி, பிரிக்காமல் கட்டிலடியில் வைத்தார். வெளியே வந்து பார்த்தால் அவள் ஷூவைக் காணவில்லை. மாமா அதை எப்போதோ உள்ளே எடுத்து, கதவுக்குப் பின்னால் நாளிதழில் வைத்திருந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் கல்யாணம். மண்டபத்துப் படிக்கட்டில் செருப்புகள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. மாமா வேட்டி சட்டையில், நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து சேர்ந்தார். புதுச் செருப்பு அவர் காலுக்குச் சரிப்படவில்லை போலும், பழைய ஒட்டுச் செருப்புதான் போட்டிருந்தார். படிக்கட்டில் நின்று அதைக் கழற்றினார். மடியிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் பையை எடுத்து உதறி, செருப்பை உள்ளே போட்டு, முடிந்து, கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். வரவேற்பில் பன்னீர் தெளிக்க நின்ற லோகேஸ் அதைப் பார்த்தாள். பன்னீர்ச் செம்பு கையில் அப்படியே நின்றது.

அம்மா ஓடிவந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டியா சுகு," என்றார். "வந்துட்டேன்க்கா," என்றார் அவர். பார்த்தவர்களில் சிலர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

ஐயர் பெண்ணை அழைத்து வரச் சொன்னார். மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். மாமா பையை எங்கே வைப்பதென்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான் வச்சிருக்கேன் மாமா, குடுங்க."

அவர் ஒரு கணம் தயங்கியதை லோகேஸ் கண்டாள். பிறகு கொடுத்தார். "வாசல்ல மட்டும் வச்சிராதம்மா," என்றார் தணிந்த குரலில்.

குமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து, அவர் மணவறைக்கு நடந்தார். முகம் அப்படிப் பூரித்திருந்தது. அவ்வளவு நல்ல மனிதரை அன்றைக்குக் கூடத்தில் நிற்க வைத்துப் பேசினோமே என்றிருந்தது லோகேஸுக்கு. பையைத் தன் பட்டுச் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

இராஜம்மா அத்தை மூக்கைச் சுளித்தார். "என்னாடி கையில? செருப்பா? தாலி கட்டற எடத்துல செருப்பு வச்சிருக்க?" பையை விரலால் இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இந்த ஒட்டு… அவனோடதுல்ல? பாரேன், அவன் செருப்ப யாரோ தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு அவனுக்கு பயம்! அன்னிக்கு நீ கண்டுபிடிச்சதுனாலதான் அட்டிகையத் திருப்பிக் குடுத்தான். இல்லன்னா…"

"அத்த," என்றாள் லோகேஸ். அம்மா எதிரில் நின்று கண்ணாலேயே வேண்டாம் என்றார். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "மாமா எதையும் எடுக்கல. அம்மாதான் தவறிப்போய்த் தட்டுல வச்சு அனுப்பிட்டாங்க. அந்தத் தடம் என்னோடது. அன்னிக்கு இந்தச் செருப்பப் போட்டுக்கிட்டுப் போனவ…"

ஐயர் கையைத் தூக்கினார். "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

தவிலும் நாதஸ்வரமும் ஒரே நேரத்தில் வெடித்தன. தாலி ஏறுகிற நேரத்தில் காதில் விழக் கூடாதது எதுவும் விழுந்துவிடக் கூடாது என்றுதான் அந்த வாத்தியம் அத்தனை சத்தமாக முழங்குகிறது. லோகேஸ் நிறுத்தவில்லை, குரலை உயர்த்திச் சொன்னாள், கத்தியும் சொன்னாள். தன் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அத்தை காதைத் தொட்டுக் காட்டி, ஒன்றும் கேட்கவில்லை என்று சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு, கையிலிருந்த அட்சதையை மணமக்கள் மேல் வீசினார்.

மேளம் ஓய்ந்ததும் லோகேஸ் திரும்பினாள். அத்தை முதல் பந்தியில் இடம் பிடிக்கப் போய்விட்டிருந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணவறையிலிருந்து இறங்கிய மாமா கூட்டத்துக்குள் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அவள் கையில் பை இருக்கிறதா என்று பார்த்தார்.